வண்டி வரும் இடம்வரை

குட்டநாடு
ஜூன் 28

டிட்டோ,

சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவின் நாற்பத்தொன்றாம் நாளுக்குக்கூட நிற்காமல் நீ கப்பல் ஏறப் போனபோது, இனி உன்னிடம் பேச மாட்டேன் என்று சொன்னேன். பேசவில்லை. எழுதுகிறேன். அதுவும் நம்மைப் பெற்ற அப்பச்சனின் மூச்சைப் பற்றியது என்பதால்.

நேற்றுக் காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. அப்பச்சனின் ஆக்சிஜன் மெஷின் இன்வர்ட்டரில் ஓடியது. ஒன்றரை மணி நேரம். பிறகு கூவத் தொடங்கியது. ஆக்சிஜன் நிற்கப்போகிறது என்று அது சொல்லும் விதம். அந்தக் கூவலை நீ ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாய், மெஷினைக் கொண்டுவந்தவர்கள் அழுத்திக் காட்டியபோது. நீ தலையாட்டினாய். நேற்று நான் தலையாட்டவில்லை. என் கை குழாயைக் கழற்ற மறந்துவிட்டது. அப்பச்சன்தான் சொன்னார்: "எடீ, அது கூவட்டும். நீ சிலிண்டரைத் திற."

மாற்று சிலிண்டர் எட்டு மணி நேரத்துக்கு. உடனே மெஷினை வாடகைக்குத் தந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஒப்பந்தத்தில் நீ விரல் வைத்துக் காட்டிய வரி எனக்கு மனப்பாடம்: மின்சாரம் நின்றதாகத் தகவல் தந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்த சிலிண்டர் வீட்டு வாசலில். நம் வாசலுக்கு ரோடு கிடையாது, தண்ணீர்தான் என்று தெரிந்தேதான் எழுதினார்கள். அந்த வரியை நம்பித்தான் நீ போனாய். அதை நம்பித்தான் நான் வேலையை விட்டு இங்கே இருக்கிறேன்.

"மேடம், வண்டி பூப்பள்ளி முக்கு வரைக்கும்தான் வரும். நீங்க வந்து எடுத்துக்கணும்."

"வீட்டு வாசல்னு எழுதியிருக்கே."

"ஜூன் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அது மாறிடுச்சு மேடம். இப்ப, வாகனம் செல்லக்கூடிய மிக அருகிலுள்ள இடம்."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"கஸ்டமர் ஒப்புதலோடதான் மேடம்."

"கஸ்டமர் இங்கதான் மூக்குல குழாயோட உக்காந்திருக்கார். அவரைக் கேட்டீங்களா?"

"பதிவு செஞ்ச நம்பர்ல கேட்டிருக்கோம்."

கரண்ட் மூன்றேகாலுக்கு வந்தது. சிலிண்டரில் பாதிக்குச் சற்று மேல் மிச்சம். பாதி தீர்ந்ததை மாற்றித் தர மாட்டார்களாம். அதுவும் புதிதுதான்.

பதிவு செய்த எண் உன்னுடையது. உனக்கு ஏதாவது வந்ததா?

ஆன்சி


பிரேசில் கரைக்கு வெளியே, நங்கூரத்தில்
ஜூலை 1

சேச்சி,

இங்கே இருபது மைல் தள்ளி நிற்கிறோம். துறைமுகத்தில் இடம் இல்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. கப்பலின் மெயில் காலையும் மாலையும் ஒரு முறை போகும். எழுத்து மட்டும். அதனால்தான் தாமதம்.

எனக்கு ஒன்றும் வந்ததாக ஞாபகம் இல்லை.

அவர்கள் செய்வது செல்லாது. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேர். ஒருவர் மட்டும் உட்கார்ந்து திருத்த முடியாது. ஆலப்புழை அலுவலகத்துக்கு நேராகப் போய்க் கேள். எழுத்தில் கேள். அலமாரியின் மேல் தட்டில், அம்மாவின் பைபிளுக்குக் கீழே பழைய தாள் இருக்கிறது. ஏழாவது பக்கம்.

அதுவரை சில விஷயங்கள். இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் பார். மெஷினின் பின்பக்க வலையைத் துடை. அப்பச்சனுக்கு நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் ஏற்றாதே. ஏற்றினால் சிலிண்டர் சீக்கிரம் தீரும்.

நேற்றுக் கப்பலின் அடித்தொட்டி ஒன்றுக்குள் இறங்க வேண்டியிருந்தது. இறங்கும் முன்னால் ஒரு மீட்டரை உள்ளே விட்டுக் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்ப்போம். இருபத்தொன்று காட்ட வேண்டும். பத்தொன்பதரைக்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது. சரியாகப் பத்தொன்பதரை காட்டியது. மூன்றாம் எஞ்சினியர் நான்தான். இறங்கினேன். உள்ளே நின்றபோது அப்பச்சனின் நினைப்பு வந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

டாக்டரிடம் பேசி அப்பச்சனை ஆலப்புழை ஆஸ்பத்திரிக்கே மாற்ற முடியாதா? மழைக்காலம் முடியும்வரை மட்டும்.

டிட்டோ


ஜூலை 6

டிட்டோ,

போனேன். ஏழு மணி போட்டில் போய், பஸ் பிடித்து, பத்து மணிக்கு அவர்கள் கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றேன். அப்பச்சனுக்குத் துணையாகப் பொன்னப்பன் சேட்டன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மெஷின் தெரியாது. வள்ளம் ஓட்டத்தான் தெரியும். "கூவினா என்ன செய்யணும் கொச்சே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறை சொல்லியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மேனேஜர் உன் வயது. நல்ல சட்டை. தண்ணீர் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்கு ரோடு இல்லையே மேடம். எங்க ஆளு எப்படி வருவான்?"

"போன வருஷம் எப்படி வந்தாரு?"

"வள்ளத்துல வந்திருப்பான். அதுதான் பிரச்சினை. தண்ணியில எங்க ஆளுக்கு இன்சூரன்ஸ் இல்ல. எந்த ஜில்லாவிலயும் ஒரே மாதிரி விதிமுறை இருக்கணும்னு மேலேயிருந்து சொல்லிட்டாங்க."

"வாசல்னா எங்களுக்குப் படகு நிக்கிற கடவுதான். அது தெரிஞ்சுதானே மெஷினைக் கொண்டுவந்து வச்சீங்க?"

"வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா நீங்க சம்மதிச்சிருக்கீங்களே."

கணினியை என் பக்கம் திருப்பினார். உன் எண். மே 23. மாலை 4.12. எதிரே ஒரு சொல்: சம்மதம்.

நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தாள் என் கையில் இருந்தது. ஏழாவது பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். அதை அவரிடம் காட்டவே இல்லை. காட்ட என்ன இருக்கிறது.

"கஸ்டமர் எங்க அப்பச்சன், நம்பர் வேற ஒருத்தரோடது. அது எப்படி எங்க சம்மதமாகும்?" என்று கேட்டேன். நம்பரைக் கொடுத்தது நீங்கள்தானே என்றார். உண்மைதான். வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் வெளியே இருக்கும் ஆண்பிள்ளையின் எண்ணைத்தான் எழுதுவோம். கேஸ் கனெக்‌ஷன், வங்கி, கல்லறைச் சீட்டு. இங்கே இருப்பவள் நான். ஒரு தாளிலும் நான் இல்லை.

என் எண்ணுக்கு மாற்றுங்கள் என்றேன். பழைய எண்ணிலிருந்து ஒப்புதல் வந்தால் மாற்றுவார்களாம்.

நுகர்வோர் மன்றத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். முதல் விசாரணை நவம்பரில். வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்க வரும் பாலியேட்டிவ் சிஸ்டரைப் பார்த்தேன். அவர்களிடம் உள்ள ஒரு சிலிண்டரும் நெடுமுடியில் யாருடைய மூக்கிலோ இருக்கிறது. வேறு இரண்டு நிறுவனங்களுக்குப் போன் செய்தேன். ரோடு உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

ஆலப்புழைக்கு மாறலாமா என்று அப்பச்சனைக் கேட்டேன். "உங்கம்மா ஆலப்புழைக்குப் போனா. எப்படித் திரும்பி வந்தாள்னு பாத்தியே" என்றார். 

ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாய்.

ஆன்சி


நங்கூரத்தில்
ஜூலை 8

சேச்சி,

ஞாபகம் இருந்தது.

சிட்டகாங்கில் சரக்கு இறக்கிவிட்டுக் கிளம்பி, இலங்கையின் தென்முனையைக் கடக்கும்போது கரையிலிருந்து சிக்னல் வரும். இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு ஒரு மாதம் வெறும் தண்ணீர். எல்லோரும் வலப்பக்கக் கம்பியோரம் வந்து நின்றுவிடுவார்கள். சமையல்காரன்கூட மாவுக் கையோடு. யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்போம்.

அன்று எனக்கு நாற்பத்துச் சொச்சம் செய்திகள் ஒன்றாகக் கொட்டின. அவற்றில் ஒன்று நீ அனுப்பியது. பேச மாட்டேன் என்று சொன்ன நீ அனுப்பிய ஒலிச் செய்தி. அதை மட்டும் திறக்க வேண்டும். மற்றவை ஒவ்வொன்றாகத் திரையை மறைத்துக்கொண்டு நின்றன. வங்கி. சிம் கம்பெனி. இந்த ஆக்சிஜன்காரர்கள். சரி, சரி, சம்மதம், சரி. கப்பலில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். கரை போய்விடும்.

ஆக்சிஜன்காரர்களின் செய்தியில் மட்டும் முதல் வரியைப் படித்தேன். 'உங்கள் சேவை மேலும் எளிதாகிறது.' எளிதாவது நல்லதுதானே என்று நினைத்தேன். அடியில், பதினைந்து நாளில் பதில் இல்லாவிட்டாலும் சம்மதமாகக் கொள்ளப்படும் என்று இருந்தது. அதை அழுத்திய பிறகுதான் பார்த்தேன். நான் தொடாமல் விட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. விரல் என்னுடையது.

உன் செய்தி நாற்பது விநாடி. முக்கால்வாசி மெஷின் இரைச்சல். கடைசியில் அப்பச்சன், "எடா, சோறு தின்னியா?" அவ்வளவுதான். மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை கரை போய்விட்டது.

உன் முதல் கடிதம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்தேன். அதனால் பேட்டரித் தண்ணீரைப் பற்றி எழுதினேன்.

நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். நான் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், விதிமுறையைப் பழையபடி ஆக்குங்கள் என்று. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது, மனிதர் யாரும் எழுதாத பதில். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும்.

திட்டு. ஆனால் எழுதுவதை நிறுத்தாதே.

டிட்டோ


ஜூலை 16

டிட்டோ,

படித்தேன். திட்ட நேரம் இல்லை.

ஆறு நாளாக மழை. கிழக்கன் வெள்ளம் இறங்கத் தொடங்கிவிட்டது. மலையில் பெய்தது இங்கே வந்து சேர மூன்று நாள். அந்த மூன்று நாள்தான் நமக்கு எப்போதும் கிடைக்கும் அறிவிப்பு. நேற்றுக் கடவின் கடைசிப் படி போனது. இன்று அதற்கு மேல் படி. நான் படிகளை எண்ணுவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, எண்ணிக்கொண்டேயிருக்கிறேன்.

மின்வாரியத்து ஆட்கள் படகில் மைக் வைத்துச் சொல்லிப் போனார்கள். தண்ணீர் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடும் நிலை வந்தால் லைனை அணைத்துவிடுவார்கள். அணைத்தால் வெள்ளம் வடியும்வரை வராது. போன வருஷம் ஒன்பது நாள்.

கணக்கு இதுதான். இன்வர்ட்டர் ஒன்றரை மணி. சிலிண்டரின் மிச்சம் நாலரை மணி, கொஞ்சம் கூடலாம். மொத்தம் ஆறு. பூப்பள்ளி முக்குக்கு வள்ளத்தில் முக்கால் மணி, எதிர்நீரில் இன்னும் அதிகம். வண்டி வந்தால்.

நிறுவனத்தை மறுபடி கூப்பிட்டேன். வெள்ளம் வரப்போகிறது, முன்கூட்டியே ஒரு சிலிண்டர் கொடுத்துவிடுங்கள் என்றேன். வேறு பெண். நல்ல குரல். "சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்தப்புறம்தான் மேடம் மாத்த முடியும்." சிவப்பு என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் என்று நானே சொன்னேன். "ஓகே மேடம்" என்றாள், நான் ஏதோ தகவல் கொடுத்ததுபோல.

ஒரு விஷயம் யாரிடமும் சொல்லவில்லை. சில நாளாக மெஷினின் தாளத்துக்கு நானும் மூச்சு விடுகிறேன். அது உள்ளே இழுக்கும்போது நானும். சமையலறையில் இருந்தாலும். அது ஒரு தட்டு தவறினால் என் நெஞ்சு நின்றுவிடுகிறது.

அப்பச்சன் ஜன்னல் வழியாகப் பாடத்தை, தண்ணீர் ஏறிய நெல்வயலை, பார்க்கிறார். முப்பது வருஷம் மோட்டார் புரைக் கொட்டகையில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரை வெளியே தள்ளியவர். "பொன்னப்பா, இப்ப மோட்டாருக்கு யாருடா?" என்று கேட்டார். "யாருமில்ல கொச்சேட்டா. மோட்டாரே தண்ணிக்குள்ள." அப்பச்சன் சிரித்தார். சிரித்தால் இருமல். இருமினால் உதடு நீலம். பொன்னப்பன் சேட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரண்ட் போனால் அவரைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு ஆலப்புழை ஆஸ்பத்திரிக்குப் போவேன். இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆன்சி


நங்கூரத்தில்
ஜூலை 18

சேச்சி,

இப்போதே போ. கரண்ட் போகும்வரை காத்திருக்காதே.

கேப்டனிடம் கெஞ்சிச் சாட்டிலைட் போன் வாங்கினேன். ஆறு நிமிடம். நிறுவனத்தைக் கூப்பிட்டேன். நாலு நிமிடம் பாட்டு. பிறகு ஒருவன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் சொன்னேன். "சார், இது பதிவு செஞ்ச நம்பர் இல்லையே." நான் கத்தினேன். கப்பலில் யாரிடமும் கத்தாதவன். லைன் போய்விட்டது. மிச்ச நேரத்தில் உன்னைக் கூப்பிட்டேன். அடித்தது. நீ எடுக்கவில்லை. எண்ணைப் பார்த்தால் உனக்கு என்ன தெரிந்திருக்கும்? எந்த நாட்டுக்கும் சேராததுபோல ஒரு நீளமான எண். மோசடிக்காரன் என்று நினைத்திருப்பாய்.

இதைக் காலை மெயிலில் அனுப்புகிறேன். உனக்கு எப்போது வரும் என்று தெரியாது.

போ.

டிட்டோ


ஆலப்புழை, அரசு மருத்துவமனை
ஜூலை 23

டிட்டோ,

முதலில்: இருக்கிறார்.

உன் கடிதத்தை இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன். இருபதாம் தேதி நடந்ததை எழுதுகிறேன். 

காலை ஒன்பது நாற்பதுக்கு லைனை அணைத்தார்கள். நிறுவனம், பன்னிரண்டு மணிக்குப் பூப்பள்ளியில் வண்டி நிற்கும் என்றது. மெஷினின் நீளக் குழாய் மூக்கிலேயே இருக்க, அப்பச்சனை நாற்காலியோடு வள்ளத்தில் இறக்கினோம். எதிர்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயம். பதினொன்று பத்துக்கு இன்வர்ட்டர் செத்தது. சிலிண்டரைத் திறந்தேன். கிளம்பினோம்.

அரை மணியில் புரொப்பல்லரில் ஆகாயத்தாமரை சுற்றியது. எஞ்சின் நின்றது. வள்ளம் நீரொழுக்கில் பக்கவாட்டில் திரும்பியது. அப்பச்சனுக்கு மூச்சு முட்டியது. பயத்தில் முட்டியதா நிஜமாகவே முட்டியதா, தெரியவில்லை. நீ ஏற்றாதே என்றதை நான் ஏற்றினேன். மூன்றிலிருந்து ஐந்துக்கு. முள் கண்ணுக்குத் தெரிய இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்றினேன்.

பொன்னப்பன் சேட்டன் குதித்து, கத்தியால் அறுத்து, ஏறி, மறுபடி எஞ்சின் கயிற்றை இழுத்தார். பூப்பள்ளிக்கு வந்தபோது பன்னிரண்டரை. வண்டி இல்லை. ரோடே இல்லை. கடைகளின் ஷட்டர் பாதி வரைக்கும் தண்ணீர்.

டிரைவரைக் கூப்பிட்டேன். நியாஸ் என்று பெயர்.

"சேச்சி, நான் பள்ளாத்துருத்தி பாலத்துக்குப் பின்னாடி வந்துட்டேன். டயர் முங்கிடுச்சு. வண்டி நின்னா சிலிண்டர் எல்லாம் போச்சு."

பாலத்துக்குப் போனோம். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாலத்தில் மாடுகள் நின்றன. வண்டி இல்லை.

"சேச்சி, களர்கோடு முக்குக்குப் போகச் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? இங்க வண்டி போகுதுன்னு எழுத முடியாதுல்ல."

அப்போதுதான் எனக்கு அந்த வரி புரிந்தது, டிட்டோ. வாகனம் செல்லக்கூடிய மிக அருகிலுள்ள இடம். அது ஒரு இடம் இல்லை. தண்ணீர் ஏற ஏற அது பின்னால் போய்க்கொண்டேயிருக்கும். நாம் எவ்வளவு வேகமாகப் போனாலும் அதுவும் போகும். ஒப்பந்தப்படிதான்.

அதன் பிறகு ரோட்டின் மேலேயே போனோம். பஸ் ஓடும் ரோட்டில் வள்ளம். அப்பச்சன் கண்ணைத் திறந்து, "எடீ, மெயின் ரோட்டுல பொன்னப்பன் ஹார்ன் அடிக்க மாட்டேங்கறான்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. நான் சிரித்தேனா அழுதேனா என்று பொன்னப்பன் சேட்டனைத்தான் கேட்க வேண்டும்.

களர்கோட்டில் தண்ணீர் மெலிந்து வள்ளம் தாரில் உரசி நின்றது. நூறு அடியில் வெள்ளை வண்டி. நான் ஓடினேன். நியாஸ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டான். கையில் டெலிவரியைப் பதியும் ஒரு சின்னக் கருவி.

"சேச்சி, ஓ.டி.பி. சொல்லுங்க."

"என்ன ஓ.டி.பி.?"

"பதிவு செஞ்ச நம்பருக்கு இப்ப போயிருக்கும். நாலு இலக்கம். அது போட்டாத்தான் நான் கொடுக்க முடியும்."

அந்த எண் பிரேசிலில் என்றேன். கடலில் என்றேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பின்னால் சிலிண்டரின் சத்தம் மாறியது. இரைச்சல் மெலிந்து ஊதல் ஆனது. பொன்னப்பன் சேட்டன் "கொச்சே!" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

நியாஸ் திரையைப் பார்த்தான். வள்ளத்தைப் பார்த்தான். "சேச்சி, நீங்க பறிச்சுக்கிட்டு ஓடிட்டீங்கன்னு எழுதிக்கறேன். கோவிச்சுக்காதீங்க. எனக்கு டிக் போட வேற கட்டம் இல்ல இதுல." சொல்லிவிட்டு அவனே சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினான். சிலிண்டர் சாவியை அவனேதான் திருகினான். 

நடுவே எவ்வளவு நேரம் காற்று இல்லாமல் இருந்தார் என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். தெரியும். ஒரு மெஷின் மூச்சு நான்கு விநாடி. நான் பதினெட்டு எண்ணினேன்.

ஆன்சி


பிரேசில், துறைமுகத்துக்குள்
ஜூலை 25

சேச்சி,

நேற்று உள்ளே கூப்பிட்டார்கள். கரையில் கால் வைத்ததும் போன் உயிர் பெற்றது. முதலில் வந்த செய்தி அவர்களுடையது. நான்கு இலக்கம். ஜூலை 20. பத்து நிமிடம் மட்டும் செல்லுபடியாகும். யாருடனும் பகிர வேண்டாம்.

அதைப் பார்த்துக்கொண்டு கப்பலைக் கட்டும் ஒரு கயிற்றுக் கட்டையின் மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எங்கள் கப்பலின் ஃபிலிப்பினோக்காரன் ஒருவன் வந்து தோளைத் தொட்டான்.

எண்ணை மாற்றிவிட்டேன். இப்போது உன்னுடையது. என் ஒப்புதல் வாங்க அவர்களுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

நான் கப்பலை விட்டு இறங்க வேண்டியது ஆகஸ்டில். என் வேலை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று ஏஜென்ட் ஒரு தாள் கொண்டுவந்தான். கம்பெனி தேவைப்பட்டால் இரண்டு மாதம் நீட்டிக்கலாமாம். நான் கையெழுத்துப் போட்டதாகவே எனக்கு நினைவில்லை. இருக்கிறது, என் கையெழுத்துதான். நாளை சீனாவுக்குக் கிளம்புகிறோம். நாற்பத்து மூன்று நாள்.

இன்று உங்கள் மாலை ஆறு மணிக்கு அழைப்பேன். நீ பேச வேண்டாம். எடுத்தால் போதும்.

டிட்டோ


ஆலப்புழை
ஆகஸ்ட் 5

டிட்டோ,

எடுத்தேன். பேசவில்லை. ஆனால் போனை அப்பச்சன் காதில் வைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று அவர் சொல்லவில்லை. "அவனுக்கு அழத் தெரியும்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

நாளை டிஸ்சார்ஜ். கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது. வீட்டில் மெஷின் இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தால்தான் அனுப்புவார்கள். மெஷின் இருக்கிறது. இரண்டாவது மாடித் தட்டில் ஏற்றி வைத்த அரிசி மூட்டையைப் போல, நனையாமல். கரண்ட் வந்துவிட்டதாம்.

முந்தாநாள் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. முதல் முறையாக எனக்கு. சிலிண்டரை முறையற்ற வகையில் கைப்பற்றியதால் சேவை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. புதிய விதிமுறைகளை ஏற்றால் தொடரும். ஏற்காவிட்டால் ஏழு நாளில் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

நுகர்வோர் மன்றத்துக்குப் போனேன். குமாஸ்தா நல்ல மனிதர். "கேஸ் ஜெயிக்கும் மோளே" என்றார். "எப்ப?" என்றேன். தலையைக் குனிந்து ரப்பர் ஸ்டாம்பைத் துடைத்தார்.

பத்தொன்பது பக்கம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். வண்டி வரும் இடம் அப்படியே இருக்கிறது. ஓ.டி.பி. அப்படியே இருக்கிறது. நீரில் கொண்டுபோகும்போது எது நடந்தாலும் பொறுப்பு நம்முடையது. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வரி: இந்த விதிமுறைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்பச்சன் கேட்டார்: "முழுசும் படிச்சியாடீ?"

"படிச்சேன்."

"என்ன சொல்றான்?"

"எப்ப வேணும்னாலும் மாத்துவேங்கறான்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"மாத்தப்போறது அவன். அப்புறம் நம்மகிட்ட எதுக்குடீ கேக்கறான்?"

 செவிலி வந்து, நாளைக்கு மெஷின் உறுதிதானே என்றாள். ஆமாம் என்றேன். அப்போது இன்னும் சம்மதத்தை அழுத்தியிருக்கவில்லை.

அழுத்தினேன், டிட்டோ. நீ ஒரு வரி படித்து அழுத்தினாய். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டு அழுத்தினேன். நன்றி என்று வந்தது. அதே சொல்தான் உனக்கும் வந்திருக்கும்.

காலை ஏழு மணி போட்டில் வீட்டுக்குப் போகிறோம். பொன்னப்பன் சேட்டன் கடவில் நிற்பார். கிழக்கே மறுபடி கறுத்திருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேசையின் மேல் போன் அதிர்ந்தது. யாரிடமிருந்து என்று இன்னும் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டுப் பார்க்கிறேன்.

ஆன்சி